முக்குருத்தியில் மரங்களை அகற்றுவது ஏன்? ஒரு மலைப் புல்வெளியின் வரலாறு

நீலகிரியின் உச்சிப் புல்வெளிகளில் பரவியிருக்கும் சீகை (வாட்டில்) மரங்களையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களையும் அகற்றும் பணி பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் ஒரே கேள்வி எழுகிறது. தேசியப் பூங்கா என்று அறிவித்துவிட்டு அதற்குள்ளேயே மரத்தை வெட்டுவதா? வெயிலும் வறட்சியும் ஏறிவரும் காலத்தில் இருக்கிற மரத்தையும் சாய்ப்பது எப்படிக் காட்டைக் காப்பதாகும்? நியாயமான கேள்விதான். "மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்" என்று பள்ளிச் சுவர்களில் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராவிட்டால்தான் வியப்பு. விடை காண வேண்டுமானால், முக்குருத்தி தேசியப் பூங்கா இருக்கும் நிலம் எத்தகையது, அது எவ்வளவு பழையது, கடந்த இருநூறு ஆண்டுகளில் அதன்மேல் என்னவெல்லாம் நடந்தது என்று அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

பீடபூமியின் மேற்கு விளிம்பு

உதகமண்டலத்துக்கு மேற்கே, நீலகிரிப் பீடபூமி முடிந்து கேரளத்தை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் இடத்தில் இருக்கிறது முக்குருத்தி. பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். பூங்காவின் உயரமான சிகரம் கோலாரிபெட்டா, 2,629 மீட்டர். பெயர் தந்த முக்குருத்திச் சிகரம் 2,554 மீட்டர். தென்மேற்கே இறங்கினால் கேரளத்தின் சைலண்ட் வேலி.

கிழக்கிலிருந்து நடந்து போகிறவருக்கு முதலில் தெரிவது அலையலையாக ஏறி இறங்கும் புல்மேடுகள். மேடுகளின் மடிப்புகளில் மட்டும், ஓடைகளை ஒட்டி, கரும்பச்சைத் திட்டுகளாகச் சோலைக்காடு. மேற்கு விளிம்பை அடைந்ததும் நிலம் கத்தியால் அறுத்ததுபோல் நின்றுவிடுகிறது. கீழே ஆயிரம் மீட்டருக்கும் மேல் பாதாளம். அடிவாரத்துக் காடுகளிலிருந்து மேகம் சுவரேறுவதுபோல் மேலே வரும். சிகரத்தின் பெயரை "மூக்கறுத்தி" என்று பிரித்து, இலக்குவன் அறுத்த சூர்ப்பணகையின் மூக்குதான் இது என்று சொல்லும் கதை இங்கே வழங்குகிறது. அந்த விளிம்பின் வடிவத்தைப் பார்த்தவர்களுக்குக் கதை எங்கிருந்து பிறந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

தென்மேற்குப் பருவக்காற்று முதலில் மோதுவது இந்தச் சுவரில்தான். பூங்காவை அடுத்த அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் மாதம் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது பலருக்கு நினைவிருக்கும். அதே மலையில் டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்து, இரவில் வெப்பம் உறைநிலைக்கு இறங்கி, விடியும்போது புல் முழுவதும் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும். ஒரே ஆண்டில் இந்த இரண்டையும் தாங்கும் செடிதான் இங்கே நிலைக்க முடியும். பின்னால் வரும் விவாதம் முழுவதற்கும் இதுதான் அடிப்படை.

முதலில் தெளிய வேண்டிய சொற்கள்

1. சோலை. பேச்சு வழக்கில் எந்தத் தோப்பையும் சோலை என்கிறோம். சூழலியலில் அது மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில், மடிப்புகளில் மட்டும் வளரும் குட்டையான, அடர்ந்த, பசுமை மாறாக் காடு. நாவல், இலவங்கம், செண்பகம் ஆகியவற்றின் மலை இனங்கள் இங்கே கிளை பின்னி நிற்கின்றன. அடிமரமெல்லாம் பாசியும் ஆர்க்கிட் செடிகளும். ஆங்கிலத்தில் அறிவியல் எழுதுகிறவர்களும் "ஷோலா" என்றே குறிப்பிடுகிறார்கள். இந்த மலைகளுக்கே உரிய ஒரு பறவைப் பேரினத்துக்கு 2017இல் "ஷோலிகோலா" என்று பெயர் வைத்தபோது, நம்முடைய சொல் விலங்கியல் பெயர்ப்பட்டியலுக்குள்ளும் நுழைந்தது.

2. மலைப் புல்வெளி. சோலைகளுக்கு இடையே மேடுகளையும் சரிவுகளையும் மூடியிருப்பது. இமயத்து ரோடோடென்ட்ரானின் நீலகிரி வகை மரம் ஒன்று மட்டும் புல்வெளியின் நடுவிலும் தனியாக நின்று சிவப்பாகப் பூக்கும். குறிஞ்சிப் புதர்கள் வளர்வதும் இந்தச் சரிவுகளில்தான்.

3. சதுப்பு. இரு மேடுகளுக்கிடையே தண்ணீர் தேங்கி, மட்கிய செடிகள் நூற்றாண்டுக் கணக்கில் அடுக்கடுக்காகப் படிந்த கரிய நிலம். கால் வைத்தால் பஞ்சுபோல் அமுங்கும்.

4. தேசியப் பூங்கா. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்தில் சில பழைய உரிமைகள் அனுமதியுடன் தொடரலாம். தேசியப் பூங்காவில் தொடர முடியாது. கால்நடை மேய்ச்சலுக்கும் இடமில்லை. முக்குருத்தி 1982 ஆகஸ்டில் சரணாலயமாகவும் 1990 அக்டோபரில் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. மேய்ச்சல் பற்றிய அந்த ஒற்றை விதிக்கு முக்குருத்தியில் எவ்வளவு கனம் உண்டு என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

காட்டை அழித்ததால் வந்த புல்லா?

வெப்பமண்டலத்தில், இவ்வளவு மழை பெய்யும் இடத்தில், மரம் வளராமல் புல் மட்டும் இருப்பது எப்படி? 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இது விவாதப் பொருள். ஒரு காலத்தில் மலை முழுவதும் சோலையாக இருந்தது, மனிதர்கள் தீ வைத்தும் எருமை மேய்த்தும் அதைப் புல்லாக்கிவிட்டார்கள் என்றது ஒரு தரப்பு. அது உண்மையானால், புல்வெளியில் மரம் நடுவது பழைய காட்டை மீட்பதாகும். அப்படி நம்பியதால்தான் பல பத்தாண்டுகள் நட்டார்கள்.

மறுதரப்பு உறைபனியைக் காட்டியது. நீலகிரி சோலை–புல்வெளிகளை ஆராய்ந்து வன அதிகாரி சி. ஆர். ரங்கநாதன் 1938இல் எழுதிய கட்டுரை இந்தத் தரப்பின் முக்கியமான ஆவணம். வாதம் இதுதான். தெளிந்த குளிர்கால இரவில் திறந்த நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. தரையை ஒட்டி உறைபனி படிகிறது. விடிந்ததும் கடும் வெயில் அடிக்கிறது. சோலை மரத்தின் விதை புல்லில் விழுந்து முளைத்தாலும் அந்த நாற்று முதல் குளிர்காலத்தைத் தாண்டுவது அரிது. அதே விதை சோலைக்குள் விழுந்தால், மேலே இருக்கும் இலைக்கூரை போர்வையாக நின்று தரையின் வெப்பத்தைக் காக்கிறது, நாற்று பிழைக்கிறது. ஆகவே சோலை தன் எல்லைக்குள் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது, எல்லை தாண்டுவது மட்டும் மிக மெதுவாக நடக்கிறது.

இந்த வழக்கில் வலுவான சாட்சி சதுப்பிலிருந்து வந்தது. கொஞ்சம் நுட்பமான விஷயம், ஆனால் மனதை அள்ளும் விஷயம்.

தாவரங்கள் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கும் வழி எல்லாவற்றிலும் ஒன்றல்ல. மரங்களும் பெரும்பாலான செடிகளும் "சி-3" என்னும் வழியைப் பின்பற்றுகின்றன. வெப்பமண்டலப் புற்களில் பல "சி-4" வழியைப் பின்பற்றுகின்றன. வறட்சியிலும், காற்றில் கரியமில வாயு குறைந்த காலத்திலும் சி-4 தாவரத்துக்குக் கை ஓங்கும். இரண்டு வகையும் கார்பனின் எடை கூடிய வடிவமான கார்பன்-13ஐ வெவ்வேறு அளவில் உடலில் சேர்க்கின்றன. செடி செத்து மட்கிய பிறகும் அந்த விகிதம் மாறுவதில்லை. எனவே சதுப்பைத் துளைத்து, ஒவ்வோர் அடுக்கின் வயதையும் அதிலுள்ள கார்பன் விகிதத்தையும் அளந்தால், அந்தக் காலத்தில் சுற்றிலும் எது மிகுந்திருந்தது என்று படித்துவிடலாம்.

நீலகிரிச் சதுப்புகளில் இந்த முறையில் செய்த ஆய்வைச் சூழலியலாளர் ஆர். சுகுமாரும் உடன் பணியாற்றியவர்களும் 1993இல் "நேச்சர்" இதழில் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டுகள் பின்னோக்கிச் சென்ற அந்தப் பதிவில், பனியுகத்தின் உச்சத்தில் சி-4 தாவரங்கள் மிகுந்திருக்கின்றன. பனியுகம் முடிந்து பருவமழை வலுத்தபோது சி-3 தாவரங்கள் கூடியிருக்கின்றன. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் மீண்டும் ஒரு வறண்ட காலம். சி-3 என்றாலே மரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, சில புற்களும் அதில் உண்டு. ஆனாலும் ஒன்று தெளிவு. உலகில் எங்குமே உழவு தொடங்காத காலத்தில் இந்த மலைமேல் பரந்த புல்வெளி இருந்திருக்கிறது. மழை கூடினால் சோலை விரியும், மழை சுருங்கினால் புல் விரியும். ஆயிரமாண்டுக் கணக்கில் நடந்துவந்த போக்குவரத்து அது. தீயும் மேய்ச்சலும் பிற்காலத்தில் எல்லைகளை நகர்த்தியிருக்கலாம். புல்வெளியையே அவைதாம் படைத்தன என்று இனிச் சொல்ல முடியாது.

மேய்ப்பர்கள், கவர்னர்கள், நீர்மின் பொறியாளர்கள்

மலை ஆளில்லாமலும் இருக்கவில்லை. 1117ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு போசளர் கல்வெட்டு, இம்மலைப் பழங்குடியான தோடரை அஞ்சச் செய்து நீலமலையைக் கைப்பற்றியதாக ஒரு தளபதியைப் புகழ்கிறது. 1603இல் கேரளக் கரையிலிருந்து ஏறிவந்த பாதிரியார் ஃபெனிசியோ தோடர்களைச் சந்தித்து எழுதிவைத்த குறிப்பு, ஐரோப்பியர் ஒருவர் எழுதியவற்றில் மிகப் பழையது. தோடரின் வாழ்க்கை எருமையைச் சுற்றியது. குடியிருப்பு மந்து, கோயில் பால்மனை, பூசகர் பால் கறப்பவர். வறண்ட மாதங்களில் கிழக்கே புல் காய்ந்ததும் எருமைகளோடு மேற்கே குந்தா மலைகளின் ஈரப் புல்வெளிகளுக்குப் பெயர்வார்கள். இறந்தவரின் உயிர் எருமைகளின் உயிரோடு மேற்கிலுள்ள மறுவுலகுக்குச் செல்கிறது என்பது அவர்களுடைய நம்பிக்கை. முக்குருத்திச் சிகரத்திலிருந்துதான் அந்த உயிர்கள் தாவுகின்றன என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்து எழுதிவருகிறார்கள்.

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். சில ஆண்டுகளில் உதகமண்டலம் ஒரு நகரமானது. நகரத்துக்கு விறகு வேண்டும். சுற்றியிருந்த சோலைகள் விரைவில் வெட்டப்பட்டன. சோலை மரமோ மெதுவாக வளர்வது. அதனால் ஆஸ்திரேலியாவிலிருந்து வேகமாக வளரும் மரங்களைக் கொண்டுவந்தார்கள். கற்பூர மரம் 1843இல் வந்தது. வாட்டில் என்ற சீகை இனங்களும் அதையொட்டிய காலத்தில் வந்தன. தாய்நாட்டு நினைவாக வேலியோரம் நட்ட ஸ்காட்ச் புரூம், கோர்ஸ் என்ற மஞ்சள் பூப் புதர்களும் சேர்ந்துகொண்டன. அழகுக்கு வந்த அந்தப் புதர்கள் இன்று புல்வெளியின் பெரும் பகைகளில் இரண்டு.

ஆனால் பழி முழுவதையும் ஆங்கிலேயர்மேல் போட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. மலை உச்சிப் புல்வெளிகளில் பெருமளவு நடவு நடந்தது விடுதலைக்குப் பின், ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில். தோல் பதனிட வாட்டில் மரப்பட்டையின் துவர்ச்சாறு தேவைப்பட்டது, அதை இறக்குமதி செய்ய அன்னியச் செலாவணி இல்லை. சிறுமுகையில் செயற்கை இழை தயாரிக்கத் தொடங்கிய விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழ் தேவைப்பட்டது. காடென்றால் மரம் என்று பயின்ற நிர்வாகத்துக்குப் புல்வெளி "தரிசாக" தெரிந்தது. வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்று எழுதிய ஒரு சொல் எத்தனை ஆயிரம் ஆண்டுப் பழைய நிலத்தை மாற்றிவிடும் என்பதற்கு நீலகிரியைவிட வேறு சான்று தேட வேண்டியதில்லை. நடவு 1980களின் இறுதியில்தான் பெருமளவு நின்றது.

அதே காலத்தில் குந்தா நீர்மின் திட்டம் வந்தது. கனடாவின் உதவியோடு 1950களில் தொடங்கிய அந்தத் திட்டத்தால் அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, போர்த்திமந்து என்று நீர்த்தேக்கங்கள் அடுத்தடுத்து எழுந்தன. போர்த்திமந்து என்ற பெயரிலேயே ஒரு மந்து இருக்கிறது. தமிழகத்துக்கு மின்சாரம் கிடைத்தது உண்மை. புல்வெளிப் பள்ளத்தாக்குகள் நீருக்கடியில் போனதும் உண்மை.

சீகை வந்தபின் நிலத்தில் என்ன நடக்கிறது

நட்டதை மட்டும் கணக்கெடுத்தால் சேதம் குறைவாகத் தோன்றும். முக்குருத்தியின் மேற்கு விளிம்பும் உச்சிகளும் பெரும்பாலும் திறந்த புல்லாகவே இருக்கின்றன. நடவு நடந்தது வெளி ஓரங்களிலும் தாழ்ந்த சரிவுகளிலும். நட்ட மரம் நட்ட இடத்தில் நிற்கவில்லை என்பதுதான் சிக்கல்.

1. பிளாக் வாட்டில் ஆண்டுதோறும் ஏராளமாக விதை உதிர்க்கிறது. தடித்த தோலுள்ள அந்த விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு உறங்கும். தீயோ மண்ணைக் கிளறுவதோ அதை எழுப்பிவிடும். பிளாக்வுட் என்ற இன்னொரு சீகை, வேரிலிருந்தே புதுத் தளிர் விட்டுப் பரவும்.

2. சோலை நாற்றைக் கொல்லும் உறைபனியை இவற்றின் நாற்றுகள் பெருமளவு தாங்கிவிடுகின்றன. புல்லுக்கும் மரத்துக்கும் இடையே இயற்கை வைத்திருந்த வேலி இவற்றுக்குச் செல்லுபடியாவதில்லை.

3. அவரைக் குடும்பத்துச் செடியாதலால் சீகை மண்ணில் நைட்ரஜனைச் சேர்க்கிறது. வயலில் அது வரம். சத்துக் குறைந்த மண்ணுக்குப் பழகிய மலைப் புற்களுக்கு அதுவே பாதகம், களைகளுக்குத்தான் லாபம்.

4. நிழல் விழுந்த இடத்தில் புல் சாகிறது. புல் போனால் அதை நம்பியவையும் போகின்றன. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை தென்னிந்திய மலைப் புல்வெளிகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அதற்கு மரம் அடர்ந்த சரிவு பாலைவனத்துக்குச் சமம்.

5. தண்ணீர். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

புல்லுக்கு வேர் ஆழமில்லை, குளிர்காலத்தில் அது காய்ந்து உறங்கிவிடும். மழைநீர் புல் மூடிய மண்ணில் இறங்கி, சதுப்பில் தங்கி, சோலை வழியே சிறுகச் சிறுகக் கசிந்து ஓடையாகிறது. கோடையிலும் ஓடை வற்றாததற்குக் காரணம் இந்தச் சங்கிலி. வேகமாக வளரும் பசுமை மாறா மரமோ ஆண்டு முழுவதும் வேரால் உறிஞ்சி இலையால் ஆவியாக்கிக்கொண்டே இருக்கிறது. இதை ஊகமாகச் சொல்லவில்லை. நீலகிரியின் கிளன்மார்கன் பகுதியில் அடுத்தடுத்த இரு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றை இயல்பாக விட்டு, மற்றதில் கற்பூர மரம் நட்டு, உதகையிலுள்ள மத்திய மண்வள ஆராய்ச்சி மையம் நீண்ட காலம் அளந்தது. மரம் நட்ட பகுதியில் நீர்வரத்து முதல் பத்தாண்டுச் சுற்றில் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மரம் மறுதாம்பாகத் துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது. அது கற்பூர மரத்துக்கான கணக்கு, சீகைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் புல்லை எடுத்துவிட்டு வேகமாக வளரும் மரத்தை வைத்தால் ஓடை மெலியும் என்ற திசை தெளிவாக இருக்கிறது.

இதில் சமவெளிக்கு என்ன? பவானி ஆறு இந்த மலைகளில் பிறக்கிறது. முக்குருத்திச் சிகரப் பகுதியில் தோன்றும் பைக்காரா ஆறு கீழே மோயாறாகி, பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. 1930களிலேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்தார்கள். கோபிச்செட்டிபாளையத்து நெல் வயலுக்கும் ஈரோட்டு மஞ்சளுக்கும் பாயும் நீரில் ஒரு பங்கு முக்குருத்தியின் சதுப்பில் தங்கி வந்தது.

மரம் மழையைக் கொண்டுவரும் என்ற நம்பிக்கையை இங்கே எங்கே வைப்பது? முக்குருத்திக்கு மழை வருவது அரபிக்கடலிலிருந்து, பருவக்காற்றால். அந்த மழையைத் தரைக்குள் தக்கவைக்கும் வேலை புல்லுக்கும் சதுப்புக்கும் சோலைக்கும் உரியது. மூன்றும் தத்தம் இடத்தில் இருந்தால்தான் வேலை நடக்கும்.

புல்வெளி எவ்வளவு போய்விட்டது என்பதற்கு அருகிலேயே அளவுகோல் இருக்கிறது. பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, நான்கு பத்தாண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு மலைப் புல்வெளி மறைந்துவிட்டதாகக் காட்டியது. மரத் தோட்டங்களும் விவசாயமுமே காரணம்.

வரையாட்டுக்காக ஒரு பூங்கா

முக்குருத்தி பாதுகாக்கப்பட்டதே ஒரு விலங்கை முன்னிட்டுத்தான். வரை என்றால் மலை, பாறைச் சரிவு. அந்த வரையில் வாழ்வதால் வரையாடு. சங்கப் பாடல்களில் வருடை என்று வருவது இதுவே. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. நெடுங்காலம் இமயமலையின் "தார்" என்ற காட்டாட்டுக்கு உறவு என்று கருதப்பட்ட இது, செம்மறியாட்டுக்கே நெருக்கமானது என்று மரபணு ஆய்வு காட்டியதால் 2005இல் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பேரினம் நம் மலைகளில் மட்டும் மேய்ந்துகொண்டிருக்கிறது என்பது சாதாரணச் செய்தியா?

இந்த ஆட்டுக்கு இரண்டும் வேண்டும்: மேயப் புல்லும், பகை வந்தால் பாய்ந்து இறங்கச் செங்குத்துப் பாறையும். முக்குருத்தியின் மேற்கு விளிம்பு இரண்டையும் ஒருசேர வைத்திருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் வேட்டையால் இனம் மெலிந்தது. 1879இல் சென்னை மாகாணம் நீலகிரிக்கென்றே ஒரு வேட்டைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. பிற்காலத்தில் இயற்கை ஆர்வலர் இ. ஆர். சி. டேவிதார் மலைமலையாக ஏறி வரையாடுகளைக் கணக்கெடுத்து எழுதினார். 1975இல் வந்த அவருடைய ஆய்வை நினைவுகூர்ந்துதான் அக்டோபர் 7 வரையாடு தினமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

தமிழ்நாடு அரசு 2022இல் 25.14 கோடி ரூபாயில் ஐந்தாண்டு வரையாடு திட்டத்தை அறிவித்தது. அதன்கீழ் 2024இல் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 ஆடுகள். 2025இல் 1,303. ஓராண்டில் அத்தனை குட்டிகள் பிறந்து வளர்ந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. மூடுபனியில் தப்பிய மந்தைகள் மறுமுறை கண்ணில் படுவதும் உண்டு. எண்ணிக்கையைவிடக் கவலை தருவது சிதறல். முன்பு மந்தைகள் மலைக்கு மலை புல்வெளி வழியே போய்வந்தன. இடையில் சீகைக் காடு மூடினால் ஆடு அதைக் கடக்கத் தயங்கும். தனித்துப்போன சிறு மந்தைக்கு ஒரு நோயோ ஒரு கெட்ட பருவமோ போதும்.

அப்படியானால் எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா?

இங்கேதான் செய்திகள் விட்டுவிடும் பகுதி. அகற்ற வேண்டும் என்பதில் பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை. எங்கே, எப்படி, எந்த வேகத்தில் என்பதில் உண்டு.

முதலில் சட்டம். காடுகளின் பாதுகாப்பு பற்றிய கோதாவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் பிறப்பித்த உத்தரவு, அங்கீகரித்த செயல்திட்டம் இன்றிக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடுத்தது. 2000 பிப்ரவரியில் வந்த இன்னோர் உத்தரவு, தேசியப் பூங்காக்களிலிருந்தும் சரணாலயங்களிலிருந்தும் பட்ட மரம், விழுந்த மரம், புல்லைக்கூட எடுக்கக் கூடாது என்றது. மரக் கடத்தலைத் தடுக்க வந்த இந்த உத்தரவுகள் நாட்டுக்குப் பெரும் நன்மை செய்தன. அவையே சீகைக்கும் கவசமாகிவிட்டன. அதனால்தான் ஒவ்வொரு கட்டத்துக்கும் அனுமதியும் நீதிமன்றக் கண்காணிப்பும் தேவைப்படுகின்றன. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் படர் தாவரங்களுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது.

அடுத்தது செயல்முறை. சரிவில் மரத்தை மொத்தமாகச் சாய்த்து இழுத்துச் சென்றால் மண் கிளறப்படும், உறங்கிய விதைகள் எழும், அடுத்த மழையில் நாற்று நாற்றாக முளைக்கும். அல்லது காலியான இடத்தை ஸ்காட்ச் புரூம் பிடித்துக்கொள்ளும். முதல் ஆண்டு வெட்டு நிழற்படத்தில் நன்றாக இருக்கும். மூன்றாம் ஆண்டு அங்கே போய்ப் பார்ப்பவர் குறைவு. எனவே வெட்டியபின் ஆண்டுதோறும் நாற்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். அருகில் புல் இல்லாத இடத்தில் உள்ளூர்ப் புல் இனங்களை நாற்றங்காலில் வளர்த்து நட வேண்டும்.

மூன்றாவதாக, எல்லாச் சீகைத் தோப்பும் ஒன்றல்ல. சோலையை ஒட்டி நிற்கும் முதிர்ந்த தோப்புகளின் நிழலில் சோலை மரக் கன்றுகள் முளைத்து வளர்வது பழனி மலையிலும் நீலகிரியிலும் பதிவாகியிருக்கிறது. அங்கே சீகையே உறைபனியைத் தடுக்கும் கூரையாக நிற்கிறது. அத்தகைய இடத்தில் ஒரே மூச்சில் வெட்டினால் கன்றுகளும் போகும். சிறுகச் சிறுகக் கலைப்பது அல்லது விட்டுவிடுவது நல்லது. புல்வெளியின் நடுவே புதிதாக முளைத்த இளங்கன்றுகளை உடனே, முதலில் எடுக்க வேண்டும். செலவு குறைவு, பலன் அதிகம். முதலில் கைவைக்க வேண்டியது படையெடுப்பின் முன்வரிசையில். பழைய தோப்புகள் காத்திருக்கலாம். அங்கேதான் விலைபோகும் மரம் இருக்கிறது என்பதால் அங்கே தொடங்கும் ஆசை எழும். அந்த ஆசைக்கு இடம் தரக் கூடாது.

எருமை இல்லாத புல்வெளி

தேசியப் பூங்கா என்றால் மேய்ச்சல் கூடாது என்று முன்னே பார்த்தோம். தோடர்கள் தலைமுறைகளாக எருமை மேய்த்த நிலம் இது. குளிர் மாதங்களில் திட்டுத் திட்டாகப் புல்லுக்குத் தீயிட்டு இளந்தளிர் வரவழைப்பதும் அவர்கள் வழக்கம். ஈரம் இருக்கும்போது வைத்த அந்தச் சிறு தீ மேலோட்டமாக ஓடி அணைந்துவிடும், வேர் பிழைக்கும். மேய்ச்சலும் சிறு தீயும் நின்ற இடத்தில் காய்ந்த புல் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, கோடையில் ஒரு பொறி பட்டால் பெருந்தீயாகிறது. பெருந்தீக்குப் பின் முதலில் எழுவது சீகை விதை. வேட்டையையும் மரக் கடத்தலையும் நினைத்து எழுதிய ஒரு விதி, புல்வெளியைப் பேணிவந்த கையையும் சேர்த்து வெளியேற்றிவிட்டது என்றே நான் கருதுகிறேன். புல்வெளிக்கு எவ்வளவு மேய்ச்சல், எவ்வளவு தீ தேவை என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் இருக்கிறது. அந்த வாதத்தில் தோடர்களை மேசைக்கு வெளியே நிறுத்தி வைப்பதற்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை.

தோடர் கோயிலின் அரைவட்டக் கூரையைப் பார்த்திருப்பீர்கள். அதை எந்தப் புல்லாலும் வேய்வதில்லை. நீலகிரிச் சதுப்புகளில் வளரும் ஒரு புல் வேண்டும். தாவரவியலில் எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்று பெயர். சதுப்பு வற்றி, சீகையும் தேயிலையும் காய்கறித் தோட்டமும் சூழ்ந்ததில் அந்தப் புல் அரிதாகிவிட்டது. கூரை மாற்ற வேண்டிய ஆண்டில் தோடர்கள் அதைத் தேடி மலையில் வெகுதூரம் நடக்கிறார்கள்.